மாத்திரையை நிறுத்திவிட்டுப் புது ஊசிக்குப் போகட்டுமா?

41 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது அவருக்குத் தெரியவந்தது. பிறகு வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இருந்தது. இவர் 9 வருடமாகத் தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து பல வருடம் ஆகிறது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற ரத்தச் சோதனை அளவும் சரியாக இருக்கிறது. அண்ணன் மட்டும் “எனக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே” என்று மருத்துவரிடமே போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு 46 வயதில் கல்லீரல் புற்றுநோயில் இறந்துபோனார். நோயைக் கண்டுபிடித்ததற்கும் இறப்புக்கும் நடுவே நான்கே மாதம்.

இப்போது ஒரு புதிய ஊசி மருந்தின் முதல் கட்டச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பர் தகவல் அனுப்பியிருக்கிறார். வைரஸ் புரதம் தயாரிக்க அனுப்பும் செய்தியை நடுவழியிலேயே அழிக்கும் வகை ஊசி. மாதம் ஒன்றாக மூன்று ஊசி, பிறகு ஒரு வருடம் கண்காணிப்பு. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான பிரிவு நிரம்பிவிட்டதாம். மாத்திரை சாப்பிடாத, ரத்தத்தில் வைரஸ் தெரிகிறவர்களுக்கான பிரிவில் இடம் இருக்கிறது. “மாத்திரையை நிறுத்திவிட்டு, வைரஸ் ஏறியதும் அதில் சேர்ந்துவிடலாமா? என் டாக்டரிடம் சொன்னால் தடுப்பார், அதனால் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் சி-யை 12 வாரத்தில் குணப்படுத்துகிறார்கள். அப்படியென்றால் நமக்கும் காலம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? என் மகளுக்கு 7 வயது. அண்ணன் மாதிரி போய்ச்சேர எனக்கு விருப்பமில்லை” என்று கேட்கிறார். நான்காவது பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி: “வைரஸ்தான் பூஜ்யம் ஆகிவிட்டதே என்று ஸ்கேன் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது.”

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணனைப் பறிகொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாதுதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, நான்காவது பக்கத்தில் இருந்த அந்த ஒற்றை வரிதான் ஒரு கல்லீரல் மருத்துவராக என்னை அதிகம் உறுத்தியது. கடைசியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் நிறுத்திவிட்டீர்கள் என்றால், இதைப் படித்த கையோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். திட்டுவார் என்று தள்ளிப்போட வேண்டாம்.

டெனோஃபோவிர் வைரஸைக் கொல்வதில்லை. அது தன்னைப் பிரதி எடுத்துக்கொள்வதைத்தான் தடுக்கிறது. மூலப் பிரதி கல்லீரல் செல்களின் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் வைரஸ் திரும்ப ஏறும். அது ரத்தச் சோதனையில் ஏறும் எண்ணோடு நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள். நிற்காமலும் போகலாம். திடீரென்று பெருகும் வைரஸைப் பார்த்து உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட கல்லீரல் செல்களை மொத்தமாகத் தாக்கும். எஸ்ஜிபிடி நூறு, ஆயிரம் என்று தாவும். பெரும்பாலானவர்களிடம் அது தானாகவோ மருந்தைத் திரும்பத் தொடங்கியோ அடங்கிவிடும். சிலரிடம் அடங்காது, கல்லீரல் செயலிழக்கும். யாரிடம் எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல எங்களிடம் நம்பகமான வழி கிடையாது.

இதற்கு, மருந்துச் சோதனைகளின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே வகை ஊசியை வைத்து நடந்த சோதனைகளில் ஒன்று ரீஃப்-2. சோதனைக் காலம் முடிந்ததும், பங்கேற்றவர்கள் எல்லோருக்கும் வழக்கமான மாத்திரை உட்பட எல்லா மருந்தையும் நிறுத்திப் பார்த்தார்கள். அதில் ஒருவருக்கு வைரஸ் கடுமையாகத் திரும்பி, மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டிய நிலை வந்தது. அவர் புது மருந்து வாங்கியவர் இல்லை. ஒப்பீட்டுப் பிரிவில் வெற்று ஊசியும் பழைய மாத்திரையும் வாங்கிக்கொண்டிருந்தவர். ஆபத்து வந்தது பழைய மாத்திரையை நிறுத்தியதால். அதுவும் நிபுணர்கள் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது. நீங்கள் யாருக்கும் சொல்லாமல் வீட்டில் செய்யப் பார்க்கிறீர்கள்.

நடைமுறையிலும் உங்கள் திட்டம் தேறாது. மாத்திரை சாப்பிடாதவர்கள் பிரிவு என்றால், நேற்று நிறுத்தியவர்கள் என்று பொருள் இல்லை. பொதுவாகப் பல மாதங்கள் மாத்திரையே எடுக்காதிருந்தவர்களைத்தான் கேட்பார்கள். பழைய மருத்துவக் குறிப்புகளையும் கேட்பார்கள். மறைத்துச் சேர்ந்தால், கெடுவது சோதனையின் முடிவு மட்டும் இல்லை. உங்கள் எஸ்ஜிபிடி ஏறும்போது அது புது ஊசியின் வேலையா, நீங்கள் நிறுத்திய மாத்திரையின் வேலையா என்று அந்த மருத்துவருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் வைத்தியம் பார்ப்பார், சொல்லுங்கள்?

மருத்துவர்களே சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது உண்டு. கல்லீரலில் தழும்பு இறுக்கம் இல்லாமல், வைரஸின் மேற்புறப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜென் ரத்தத்தில் மிகவும் குறைந்தவர்களாகத் தேர்ந்தெடுத்து, நெருக்கமான கண்காணிப்பில் செய்வார்கள். உங்கள் அறிக்கையில் அந்த அளவு 2,400. அந்த வரிசையில் நீங்கள் வரமாட்டீர்கள்.

சி-க்கு வந்தது பி-க்கு ஏன் வரவில்லை

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்கிறார்கள். பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்பதால் இரண்டும் அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

சி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி. உட்கருவுக்குள் நுழைவதே இல்லை. பிரதி எடுப்பதை 8 வாரமோ 12 வாரமோ முழுவதுமாக நிறுத்தி வைத்தால், இருந்தது அழிந்து இடம் காலியாகிவிடும். பி வைரஸ் பத்திரத்தில் பேரை எழுதிக்கொண்டவர். உட்கருவுக்குள் போய், தன் மரபணுவை வட்டமாக முறுக்கி ஒரு தனிக் கட்டாக வைத்துக்கொள்கிறது, சி.சி.சி. டி.என்.ஏ. என்று அதற்குப் பெயர். போதாததற்கு, தன் மரபணுத் துண்டுகளை நம் மரபணுவுக்குள்ளேயே அங்கங்கே செருகியும் வைக்கிறது. அந்தச் செருகல்களிலிருந்தும் மேற்பரப்பு ஆன்டிஜென் உற்பத்தியாகும். இப்போது சந்தையில் இருக்கும் எந்த மாத்திரையும் இந்தக் கட்டையோ செருகல்களையோ தொடுவதில்லை.

அதனால்தான் இந்தத் துறையில் ‘குணம்’ என்ற சொல்லுக்கே தனி அர்த்தம். ஃபங்ஷனல் க்யூர், அதாவது செயல்பாட்டளவில் குணம் என்பார்கள். எல்லா மருந்தையும் நிறுத்தி 24 வாரம் கழித்தும் ரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜெனும் வைரஸும் இல்லாமல் இருந்தால் அது எட்டிவிட்டதாகக் கணக்கு. உட்கருவுக்குள் மிச்சம் இருக்கும், ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். மாத்திரை மட்டும் சாப்பிட்டு இந்த நிலையை அடைகிறவர்கள் வருடத்துக்கு நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான்.

புதிய மருந்துகள் இந்த எண்ணிக்கையைக் கூட்டத்தான் முயல்கின்றன. வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலை அடைப்பவை, அதன் உறை சரியாகக் கூடாமல் கெடுப்பவை, நீங்கள் சொன்னதுபோல் செய்தியை அழிப்பவை, எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் சிகிச்சைத் தடுப்பூசிகள் என்று பல வகை. உட்கருவில் இருக்கும் அந்தக் கட்டையே வெட்டவோ பூட்டவோ பார்க்கும் மரபணு முறைகளும் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்கு வந்துவிட்டன. நம்பிக்கை கொள்ளக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. பெபிரோவிர்சென் என்ற ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 457 பேரிடம் நடந்த அதன் இரண்டாம் கட்ட முடிவுகள் 2022-ல் வெளியாயின. வாரம் ஒரு ஊசியாக 24 வாரம் போட்ட பிரிவில், ஊசி முடிந்து 24 வாரத்துக்குப் பிறகும் ஆன்டிஜென் இல்லாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். தொடக்கத்திலேயே ஆன்டிஜென் குறைவாக இருந்தவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. இந்த நோயில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் மீதி ஒன்பது பேரையும் நினைத்துப் பாருங்கள். அதுவும் முதல் கட்டத்தைத் தாண்டி, அளவு தெரிந்து, தேறி வந்த ஒரு மருந்து.

முதல் கட்டத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு

உங்கள் கடிதம் முழுக்க ‘சிகிச்சை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கட்டச் சோதனையைச் சிகிச்சை என்று நினைத்துச் சேர்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை. படித்தவர்களும் செய்கிறார்கள்.

அந்தக் கட்டத்தில் ஆய்வாளர்கள் கேட்பது “இந்த மருந்தை மனித உடல் எவ்வளவு தாங்கும்?” என்பதுதான். முதலில் நோயே இல்லாத சில தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்து, படிப்படியாக ஏற்றுவார்கள். பிறகு நோய் உள்ள சிலரிடம், பெரும்பாலும் சில வாரங்களுக்கு. மொத்தமாகச் சில பத்துப் பேர் இருப்பார்கள். வைரஸோ ஆன்டிஜெனோ இறங்குகிறதா என்றும் பார்ப்பார்கள்தான், ஆனால் அது துணைக் கேள்வி. முதல் ஆளாகச் சேர்ந்தால் பலனே தராத அளவுக்குச் சின்ன டோஸ் கிடைக்கலாம். கடைசியில் சேர்ந்தால் யாருக்கும் இதுவரை கொடுக்காத பெரிய டோஸ். சீட்டுக் குலுக்கியதுபோல் உங்களுக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசியும் விழலாம். எது விழுந்தது என்று உங்களுக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. மூன்று ஊசியில் ஆன்டிஜென் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினாலும், ஊசி நின்ற பிறகு பெரும்பாலானவர்களிடம் அது மெல்லத் திரும்ப ஏறிவிடுகிறது. இந்த வகை ஊசிகளில் இதுவரை பார்த்தது அப்படித்தான்.

ஆபத்து எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி மருந்துகளில் எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தரப்பட்ட பெயர் ஃபியாலுரிடின். இரண்டு வாரம், நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த சின்னச் சோதனைகளில் வைரஸை நன்றாக இறக்கியது. விலங்குகளிடமும் பெரிய கெடுதல் தெரியவில்லை. 1993-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 பேருக்கு ஆறு மாதம் கொடுப்பதாகத் திட்டமிட்டுத் தொடங்கினார்கள். மூன்று மாதம் ஆகும்போது ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்தது. உடனே எல்லோருக்கும் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் பாதிப்பு தொடர்ந்தது. மொத்தம் 7 பேருக்குக் கடுமையான பாதிப்பு. 5 பேர் இறந்தார்கள், மாற்றுக் கல்லீரலால் 2 பேர் பிழைத்தார்கள். செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களை அது மெதுவாகச் சிதைத்திருக்கிறது. அந்தச் சிதைவு வெளியே தெரியவே வாரக்கணக்கில் ஆனது.

இன்றைக்கு அதேபோல் நடக்கும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கண்காணிப்பு விதிகள் நிறைய இறுகின. இப்போதெல்லாம் எஸ்ஜிபிடி ஓர் எல்லையைத் தாண்டினாலே மருந்தை நிறுத்துகிறார்கள். வைரஸின் உறையைக் குறிவைத்த மாத்திரைகளில் சில அப்படித்தான் பாதியில் கைவிடப்பட்டன. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: “சின்னச் சோதனையில் நன்றாக வேலை செய்தது” என்பதும் “பாதுகாப்பானது” என்பதும் வேறு வேறு செய்தி.

உங்கள் ஊசிக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக்கு நிறுத்தலாம். மாதம் ஒரு முறை போடும் ஊசியை உள்ளே செலுத்திய பிறகு திரும்ப எடுக்க முடியாது. அதன் வேலை மாதக்கணக்கில் நீளும். அப்புறம், இதில் சேர்ந்தவரைப் பல சோதனைகளில் நீண்ட காலத்துக்குச் சேர்க்கமாட்டார்கள். இரண்டு வருடத்தில் இதைவிடத் தேறிய மருந்து மூன்றாம் கட்டத்துக்கு வந்து, “இந்த வகை ஊசியை முன்பு போட்டவர்கள் வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்?

அப்படியென்றால் சேரவே கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே சேரும் பிரிவு மறுபடி திறந்தாலோ, வேறு சோதனை வந்தாலோ, தாராளமாக யோசிக்கலாம். யாரோ முன்வந்ததால்தான் இன்று நீங்கள் சாப்பிடும் மாத்திரையே கிடைத்தது. “எனக்குப் பலன் கிடைக்காமல் போகலாம், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்” என்று மனதார நினைக்க முடிந்தால் சேருங்கள். “இது என்னைக் காப்பாற்றும்” என்ற நினைப்பில்தான் போகிறீர்கள் என்றால், இரண்டாம், மூன்றாம் கட்டச் சோதனைகளுக்குக் காத்திருப்பது உங்களுக்குப் பொருத்தம்.

சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்:

என் மாத்திரை என்ன ஆகும்? சோதனையின் எந்தக் கட்டத்திலாவது அதை நிறுத்தச் சொல்வார்களா? நிறுத்தினால் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள், எந்த அளவு தாண்டினால் திரும்பத் தொடங்குவார்கள்? எழுத்தில் இல்லாத பதிலை ஏற்காதீர்கள்.

பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? மருந்தால் வந்த கெடுதலுக்கான சிகிச்சைச் செலவை யார் ஏற்பது, இழப்பீடு உண்டா, எவ்வளவு காலம் வரை என்று ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். படிவத்தில் இருப்பதுதான் உங்கள் கையில் உள்ள ஆதாரம்.

நெறிமுறைக் குழு அனுமதி உண்டா? பதிவு எண் என்ன? சோதனைகளுக்குப் பொதுப் பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணை வைத்து நீங்களே தேடிப் பார்க்கலாம். ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே யாரோ தரம் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார்கள் என்று ஆகாது. சேர்வதற்கு உங்களிடமே பணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படிக்கவும், மனைவியோடும் உங்கள் மருத்துவரோடும் பேசிப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பாதியில் விலகவும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை, விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளுக்கான உலகளாவிய நெறிமுறையாக 1964-ல் வெளியாகி, பிறகு பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தின் வழியில் வந்தவை இவை. உங்கள் சலுகை என்று யாராவது பேசினால், உரிமை என்று திருத்துங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சோதனைக் காலத்தில் கருத்தடை கட்டாயம் என்பார்கள், ஆண்களுக்கும் சேர்த்து.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அடிக்கடி ரத்தம் கொடுக்கப் போக வேண்டியிருக்கும். விடுப்புக்கு என்ன சொல்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவரிடம் மறைப்பதில் எந்த லாபமும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு உடம்பு சரியில்லாமல் போனால், உங்கள் 9 வருடக் கதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த நான்காவது பக்கம்

அண்ணனுக்கு நடந்ததை நினைத்துத்தான் இந்தச் சோதனையைத் தேடுகிறீர்கள். அண்ணனுக்கு நடந்தது புது ஊசி கிடைக்காததால் இல்லை. அவர் மாத்திரை சாப்பிடவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். இரண்டும் உங்கள் கையில் இருக்கிறது. ஒன்றை நிறுத்தப் பார்க்கிறீர்கள், இன்னொன்றை ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள். இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதற்கு ஆசைப்படுவது என்பார்களே, அதுதான் இது.

வைரஸ் பூஜ்யம் என்றால் புற்றுநோய் வாய்ப்பும் பூஜ்யம் என்று நினைத்துவிட்டீர்கள். மாத்திரை அந்த வாய்ப்பைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. வைரஸ் நம் மரபணுவில் செருகி வைத்த துண்டுகள் அப்படியே இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி-யில் கல்லீரல் சுருங்கி இறுகாமலேயே, வலி எதுவும் இல்லாமலேயே புற்றுநோய் வரலாம். 40 வயதைத் தாண்டிய ஆண், உடன்பிறந்தவருக்குக் கல்லீரல் புற்றுநோய்: இந்த இரண்டும் இருக்கும் உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு அவசியம், ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையையும் கூடவே செய்வார்கள். நாளைக்கே உங்களுக்குச் செயல்பாட்டளவில் குணம் கிடைத்தாலும் இந்த ஸ்கேனை விடக் கூடாது. இரண்டு சென்டிமீட்டருக்குள் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையிலோ சூட்டு ஊசியால் பொசுக்கியோ முழுமையாக அகற்ற வாய்ப்பு அதிகம். மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமுமாக வரும்போது, அண்ணன் விஷயத்தில் நீங்களே பார்த்தீர்கள்.

அதனால் இந்த வாரம் செய்ய வேண்டியது ஸ்கேன். அதோடு கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனையில் சேரப் போனாலும் அதைக் கேட்பார்கள். நீண்ட காலம் டெனோஃபோவிர் சாப்பிடுவதால் சிறுநீரகச் சோதனையும். மனைவிக்கும் மகளுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. மனைவிக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகியிருக்கிறதா என்று ஒரு ரத்தச் சோதனை பார்த்துவிடுங்கள். முடிவுகளோடு உங்கள் மருத்துவர் முன் உட்கார்ந்து, நண்பர் அனுப்பிய அந்தத் தகவலையும் காட்டுங்கள். தடுப்பார் என்று நீங்கள்தான் முடிவுகட்டிவிட்டீர்கள். மாத்திரையைத் தொடர்ந்தே சேரக்கூடிய சோதனை எங்கே நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும்.

அப்புறம், அம்மா. அவருக்கும் இருக்கிறது என்ற ஒரு வரிக்கு மேல் கடிதத்தில் அவரைப் பற்றி எதுவும் இல்லை. ஸ்கேனுக்குப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.